கடைசிப் பக்கத்தின் கடைசி வரி



எந்தத் தமிழ் நாளிதழை எடுத்துப் பார்த்தாலும், அதன் ஏதேனும் ஒரு பக்கத்தின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். இதழை அச்சிட்டவர் யார், வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார், எந்த ஊரில் எந்தத் தெருவில் அச்சாகிறது என்பதை அந்த வரி சொல்லும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் கடைசியில்தான் அதற்கு இடம் கிடைக்கும். நம்மில் பலர் வாழ்நாள் முழுவதும் நாளிதழ் படித்தும் அந்த வரியை ஒருமுறைகூடப் படித்ததில்லை.

அது அழகுக்காகப் போடப்பட்ட வரியன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் 1867 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஆட்சியாளர்கள் அச்சுத் தொழிலைத் தங்கள் கண்காணிப்பில் வைத்துக்கொள்ளவே அதைச் செய்தார்கள். எனினும் அதனால் வாசகருக்கும் ஒரு நன்மை விளைந்தது. இதழில் பொய் வந்தால் யாருடைய வாசலில் போய் நின்று கேட்பது என்பதை அந்த வரி காட்டிக் கொடுத்தது. வழக்குத் தொடுப்பதாயினும், மறுப்புக் கடிதம் எழுதுவதாயினும், அதற்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் இருந்தன.

பழைய ஊடகம் எது, புதிய ஊடகம் எது என்று பிள்ளைகள் பள்ளிப் பாடத்திற்காகக் கேட்கும்போது, காகிதம் பழையது, கைபேசி புதியது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த விடை போதாது. நாளிதழைக் கைபேசியில் படித்தாலும் அது பழைய ஊடகத்தின் பிள்ளைதான். அங்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். அதே கைபேசியில் உறவினர் ஒருவர் அனுப்பிவைக்கும் பெயரில்லாத செய்தி வேறு இனம். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கடைசி வரியில் தேடினால் கிடைக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

சிலர் பேசிப் பலர் கேட்ட காலம்

எங்கள் ஊர் கடலோர ஊர். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வெளியுலகம் எங்கள் வீட்டிற்குள் வர மூன்று வழிகளே இருந்தன. ஒன்று, பேருந்தில் வந்து சேரும் நாளிதழ். அதைத் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். இரண்டாவது, வானொலி. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளும், இரவில் லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசையும் வாப்பா தவறவிடாதவை. 1941 இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30 வரை வானொலியில் ஒலித்தது. மூன்றாவது, சபுராளிகள் கொடுத்தனுப்பும் கடிதமும் ஒலிநாடாவும். துபாயிலிருந்த காக்கா தம் குரலைப் பதிந்து அனுப்பிய நாடாவை உம்மா எத்தனை முறை கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

நாளிதழிலும் வானொலியிலும் பேசுபவர் சிலர், கேட்பவர் பலர். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே ஒரு வாயில் இருந்தது. வாயிலில் ஆசிரியர் என்றொருவர் நின்றார். செய்தியாளர் கொண்டு வந்ததை அவர் கேள்வி கேட்டார், சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றைத் தள்ளினார். அச்சுக்குப் போகும் நேரம் என்று ஒன்று இருந்தது. அந்த நேரத்திற்குள் உறுதியாகாத செய்தி மறுநாளுக்குக் காத்திருந்தது. தவறு நேர்ந்தால் இதழே வருத்தம் தெரிவித்துத் திருத்தம் போடும் வழக்கமும் இருந்தது.

இதனால் பழைய ஊடகம் குறையற்றது என்று சொல்ல இயலாது. வாயில்காப்பவர் யாரை உள்ளே விடுகிறார் என்பது அவருடைய விருப்பத்தையும் பொறுத்தது. நம் சமுதாயத்தின் குரல் அந்த வாயிலுக்கு வெளியே நின்ற காலங்கள் உண்டு. அதனால்தான் கண்டியில் வழக்கறிஞராக இருந்த அறிஞர் சித்திலெவ்வை 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழைத் தாமே தொடங்கினார். தமிழகத்தில் பா. தாவூத் ஷா அவர்கள் 1920களில் ‘தாருல் இஸ்லாம்’ இதழை வளர்த்தெடுத்தார். ஓர் இதழ் நடத்துவதென்றால் எழுத்து கோக்க ஆள் வேண்டும், காகிதம் வேண்டும், ஊர்தோறும் முகவர் வேண்டும், சந்தா வசூலாக வேண்டும். ஒரு கருத்தைச் சொல்வதற்கு அந்த முன்னோர் கொடுத்த விலை சிறியதன்று.

வாயில் திறந்தபோது

இன்று அந்த விலையை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. இதை ஓர் அருட்கொடையாகவே நாம் கருதுகிறோம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள், எந்தப் பள்ளிவாசல் தங்குவதற்குத் திறந்திருக்கிறது, எங்கே உணவு இருக்கிறது என்ற செய்திகள் முகநூல் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும்தான் பறந்தன. மறுநாள் காலை இதழ் வரும்வரை காத்திருந்தால் அந்தச் செய்திகளால் பயன் இருந்திராது. வெளிநாட்டில் விடுப்புக் கிடைக்காமல் தவிக்கும் மகன், தன் தாயின் ஜனாஸாவைக் கைபேசித் திரையிலாவது பார்க்கிறான். வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத பெண்கள் தொலைவிலிருக்கும் ஆசிரியையிடம் தஜ்வீத் கற்கிறார்கள். இவற்றையெல்லாம் மறந்துவிட்டுப் புதிய ஊடகத்தைப் பழிப்பது நன்றிகெட்ட செயலாகும்.

ஆனால் வாயில் திறந்தபோது சில மாற்றங்களும் நேர்ந்தன. அவற்றை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பெறுபவரே அனுப்புபவரும் ஆனார். நாளிதழை எத்தனை முறை படித்தாலும் நாம் வாசகர்தாம். கைபேசியில் வந்த செய்தியை ஒருமுறை விரலால் தொட்டு இன்னொரு குழுவிற்கு அனுப்பிவிட்டால் நாம் வெளியீட்டாளர் ஆகிவிடுகிறோம்.

இரண்டாவது, அச்சுக்குப் போகும் நேரம் என்பது இல்லாமற் போயிற்று. இரவு இரண்டு மணிக்கும் செய்தி வரும். உறுதியாகும்வரை காத்திருக்கும் இடைவெளி அடியோடு அழிந்தது.

மூன்றாவது, ஒரே இதழை ஊர் முழுவதும் படித்த நிலை மாறிற்று. யார் எதை விரும்பிப் பார்க்கிறார், எதில் நின்று நேரம் செலவிடுகிறார் என்பதைக் கணினி நிரல் கணக்கிட்டு, அதையொத்த செய்திகளையே அவருக்கு மேலும் மேலும் காட்டுகிறது. ஒரே வீட்டில் நால்வர் அமர்ந்திருந்தால் நால்வர் கையிலும் நான்கு வெவ்வேறு உலகங்கள் இருக்கின்றன. சினம் கொள்ளச் செய்யும் செய்தி மனிதரை அதிக நேரம் நிறுத்தி வைக்கிறது. நிற்கும் நேரம் விளம்பரக் காசாகிறது. நாம் காசு கொடுக்கவில்லை என்று எண்ணுகிறோம். நம் நேரமும் கவனமும் விற்கப்படுகின்றன.

நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது: கடைசி வரி காணாமற் போயிற்று. செய்தி வருகிறது, எழுதியவர் பெயர் வருவதில்லை. கொண்டு வந்து சேர்த்தவரை நமக்குத் தெரியும். அவர் மாமியாகவோ மச்சானாகவோ, நம்முடன் தொழும் நண்பராகவோ இருப்பார். அவர் மீதுள்ள நம்பிக்கையை, அவரும் அறியாத யாரோ ஒருவர் எழுதிய செய்திக்கு நாம் கொடுத்துவிடுகிறோம்.

பெயரில்லாச் செய்தியின் விலை

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே ஒரு துயரம் நடந்தது. குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்த ஆண்டில் இந்தியாவின் பல மாநிலங்களில் இதே வதந்தி உயிர்களைக் குடித்தது. அதன் பின்னரே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு விதித்தது.

அதே ஆண்டு பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு கொடுக்கப்படுவதாக வதந்தி கிளம்பியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். சில நாட்களில், தெல்தெனியவில் வீதித் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்ததையடுத்து, கண்டி மாவட்டத்தின் திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. முகநூலில் பரவிய வெறுப்புப் பதிவுகள் அந்தத் தீக்கு எண்ணெய் வார்த்தன. அரசு அவசரநிலையை அறிவித்துச் சமூக ஊடகங்களை முடக்கியது. தன் தளம் பயன்படுத்தப்பட்ட விதத்திற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு அந்த மன்னிப்பு வந்து சேர இரண்டு ஆண்டுகள் ஆயின.

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸை முன்வைத்து நடந்ததை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. பெருந்தொற்றைப் பரப்பியவர்கள் என்ற பழி ஒரு சமுதாயத்தின் தலையில் சுமத்தப்பட்டது. அதில் புதிய ஊடகம் மட்டும் குற்றவாளியன்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான முதல் தகவல் அறிக்கைகளை ரத்து செய்தபோது, அச்சு ஊடகத்திலும் மின்னணு ஊடகத்திலும் அவர்களுக்கு எதிராக நடந்த பெரும் பிரச்சாரத்தைச் சுட்டிக்காட்டியது. அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டதாகவும் கருதியது. பெயரும் முகவரியும் உள்ள ஊடகமும் தவறு செய்யும் என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் தொலைக்காட்சியையும் நாளிதழையும் நீதிமன்றத்தால் பார்த்துச் சொல்ல முடிந்தது. அந்த நாட்களில் கைபேசிகளில் சுற்றிய எண்ணற்ற காணொளிகளை அனுப்பியவர்களை யார் கூப்பிட்டுக் கேட்பது?

நம் தெருவிலும்

பிறர் அனுப்பிய பொய்யால் நாம் அடிபட்டதைச் சொல்வது எளிது. நம் கைகளால் அனுப்பப்பட்ட பொய்யால் அடிபட்டவரைப் பற்றிச் சொல்வது கடினம். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது. நடத்துபவர் நம்மவர். சில ஆண்டுகளுக்கு முன், ரமலான் பிறப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு குரல் பதிவு ஊர்க் குழுக்களில் சுற்றியது. நம் ஊர்க் கடைத்தெருவிலுள்ள பிரியாணிக் கடையில் ஹலாலான இறைச்சி வாங்குவதில்லை, நேரில் பார்த்தவர் சொன்னார், உடனே எல்லோருக்கும் தெரிவியுங்கள் என்பது அதன் சாரம். பேசியவர் தம் பெயரைச் சொல்லவில்லை. கடையின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. பெயர் இல்லாததால் அது எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊருக்கே பொருந்தியது.

எங்கள் குடும்பக் குழுவிற்கும் அது வந்தது. கல்லூரியில் படிக்கும் பேரன் அதை உம்மாவிற்குப் போட்டுக் காட்டினான். உம்மா நாளிதழ் படித்தவரல்லர். கேட்டு முடித்ததும், “யாரு சொன்னது?” என்றார்.

“எல்லாரும் சொல்றாங்க உம்மம்மா.”

“எல்லாரும்னு ஒரு ஆளு கெடையாது வாப்பா. பேரச் சொல்லு.”

பேரனிடம் பெயர் இல்லை. எங்கள் குழுவிலிருந்து அந்தப் பதிவு வெளியே போகவில்லை. ஆனால் ஊரில் அது நிற்கவில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் கடைக்கு நேரில் சென்று, இறைச்சி வாங்கும் இடத்தையும் ரசீதுகளையும் பார்த்தார்கள். குறையேதும் இல்லை. அதே குரல் பதிவு முந்தைய ஆண்டே வேறொரு மாவட்டத்தில் சுற்றியது என்பதும் தெரிய வந்தது. ஜும்ஆவிற்குப் பின் பள்ளிவாசலில் உண்மையை அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு பள்ளிவாசலில் இருந்தவர்களின் காதுகளை அடைந்தது. குரல் பதிவோ அதற்கு முன்பே துபாய்க்கும் கொழும்புக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டது. அந்த ரமலானில் கடைக்காரர் இரண்டு பணியாளர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பொய்க்குக் கிடைத்த காதுகளில் பாதிகூட மறுப்புக்குக் கிடைக்கவில்லை. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்களல்லர். ஹராமிலிருந்து சகோதரர்களைக் காக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் அனுப்பியவர்களே அவர்கள். ஒரு முஸ்லிமின் பிழைப்பும் மானமும் அந்த நல்லெண்ணத்தின் கீழ் நசுங்கின.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் மருந்து

உம்மா கேட்டது புதிய கேள்வியன்று. ஹதீஸ் கலையின் முதற் கேள்வியே அதுதான். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்தார்களா, அவர் நினைவாற்றல் உள்ளவரா, நேர்மையானவரா என்று ஒவ்வோர் அறிவிப்பாளரையும் நம் இமாம்கள் ஆராய்ந்தார்கள். அறிவிப்பாளர் தொடரை, அதாவது இஸ்னாதை, மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் கருதினார்கள். மனிதர்களின் நம்பகத்தன்மையை மட்டுமே ஆராய்வதற்கென்று ‘அஸ்மாஉர் ரிஜால்’ என்ற தனித்துறையே எழுந்தது. தொடரில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால், சொல்லப்பட்ட கருத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த அறிவிப்பைப் பலவீனமானது என்று ஒதுக்கி வைத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் பெயரால் வந்த செய்திக்கே இந்த ஆய்வு என்றால், அண்டை வீட்டாரைப் பற்றி வரும் செய்திக்கு எவ்வளவு ஆய்வு வேண்டும்!

காதில் விழுந்ததையெல்லாம் ஆராயாமல் எடுத்துச் சொல்பவரையும் பொய்யரின் வரிசையிலேயே வைத்து எச்சரிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் இடம்பெற்றிருக்கிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6 ஆம் வசனம், நம்பத்தகாதவர் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று காரணத்தையும் கூறுகிறது. பனூ முஸ்தலிக் குலத்தாரைப் பற்றி வந்த தவறான செய்தியை ஒட்டியே இது அருளப்பட்டது என விரிவுரையாளர்கள் பலர் குறிப்பிடுவர். விசாரணை இல்லாதிருந்தால் குற்றமற்ற ஒரு குலத்தின் மீது படை சென்றிருக்கும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறு ஏறத்தாழ ஒரு மாத காலம் மதீனாவை வாட்டியது. அதைப் புனைந்தவர்கள் சிலர். நாவிலிருந்து நாவுக்கு மாற்றியவர்கள் வேறு சிலர். அந்நூர் அத்தியாயம் புனைந்தவர்களை மட்டும் கண்டித்துவிட்டு நிற்கவில்லை. அறியாத ஒன்றை வாய்வழியாகக் கடத்திவிட்டு அதை இலேசான செயலாக எண்ணியவர்களையும் கண்டிக்கிறது. கைபேசியில் ஒரு தொடுதல் எவ்வளவு இலேசானது என்பதை எண்ணிப் பார்க்கும்போது அந்தக் கண்டனம் நம்மை நோக்கியதாகவே இருக்கிறது.

அதே நிகழ்வில் நாம் பின்பற்றத்தக்க ஒருவரும் இருக்கிறார். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றிக் கேட்டார்கள். நபியவர்களின் இல்லத்தில் ஆயிஷாவுக்கு நிகரான இடத்தில் இருந்தவர் ஸைனப். அவருடைய சகோதரியே அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் ஒருவர். இருந்தும் அவர், தம் காதையும் கண்ணையும் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவிடம் நன்மையைத் தவிர வேறெதையும் அறியவில்லை என்றும் விடையளித்தார். தாம் காணாததையும் கேளாததையும் சொல்ல மறுத்துவிட்டார். தம் குடும்பத்திலிருந்தே வந்த செய்தி என்பதற்காக அதற்குத் தம் பெயரைக் கொடுக்கவில்லை.

வீட்டில் செய்யக் கூடியவை

நிறுவனங்கள் தம் பங்கிற்குச் சில வரம்புகளை வைக்கின்றன. பலமுறை அனுப்பப்பட்ட செய்தியை இரட்டை அம்புக் குறியிட்டு வாட்ஸ்அப் காட்டுகிறது. 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவிற்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்தக் குறி, செய்தி பல கைகள் மாறியதைச் சொல்லும். முதற்கை எது என்பதைச் சொல்லாது. அந்த வேலை நம்முடையது.

எங்கள் குடும்பக் குழுவில் இப்போது ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். பெயரும் தேதியும் ஊரும் இல்லாத செய்தியை யாரும் போடுவதில்லை. ஒரு மனிதரையோ கடையையோ பற்றிய செய்தியானால், முதலில் அவரிடமே அல்லது அவரை அறிந்தவரிடம் கேட்கிறோம். நபிமொழி என்று வருவதை, நூலின் பெயரும் எண்ணும் இருந்தாலும், ஆலிம் ஒருவரிடம் காட்டாமல் அனுப்புவதில்லை. உடனே அனுப்பு, எல்லோருக்கும் அனுப்பு என்று அவசரப்படுத்தும் செய்தியை ஒருநாள் கிடப்பில் போடுகிறோம். பெரும்பாலானவை மறுநாள் தாமே உதிர்ந்துவிடுகின்றன. தவறானது என்று தெரிந்தால், எந்தக் குழுவில் அது போடப்பட்டதோ அதே குழுவில் மறுப்பும் போடப்பட வேண்டும். சிறுவர்களும் பெரியவர்களைக் கேள்வி கேட்கலாம். அதை மரியாதைக் குறைவாக எங்கள் வீட்டில் யாரும் கருதுவதில்லை.

ஒரு செய்தியை அனுப்புவதற்கு முன் அதன் கீழே நம் பெயரையும் தெருவையும் ஊரையும் எழுதிப் பார்ப்போம். எழுதக் கை கூசினால் அந்தச் செய்தி நம்மோடு நிற்கட்டும். அச்சுச் சட்டம் இன்று நம் கைபேசியை எட்டாமல் இருக்கலாம். சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்யும் வானவர்களின் ஏட்டில், அனுப்பியவர் பெயர் விடுபடுவதில்லை என்பது நம் ஈமான்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பிறரின் மானத்திற்குக் காவலாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.